இசை இதழ் தன் வாசகரை ஈர்ப்பது எப்படி: அட்டை முதல் விளம்பரப் பக்கம் வரை பகுத்தறியும் வழிமுறை

ஓர் இசை இதழின் வடிவமைப்பும் உள்ளடக்கமும் வாசகரை எவ்வாறு ஈர்க்கின்றன என்று எழுதுமாறு ஊடகவியல் மாணவர்களிடம் கேட்டால், பலரும் அட்டையிலுள்ள நிறங்களைப் பட்டியலிட்டு, சிவப்பு கண்ணைப் பறிக்கிறது என்றும் பெரிய எழுத்து கவனத்தைத் திருப்புகிறது என்றும் எழுதி முடித்துவிடுகின்றனர். அந்தக் கூற்றுகளில் பிழை இல்லை. ஆயினும் அவை சமையல் இதழுக்கும் கார் இதழுக்கும் அப்படியே பொருந்திவிடுவதால், கையிலுள்ள இசை இதழைப் பற்றி அவை எதையும் சொல்வதில்லை. அந்த இதழ் யாரைத் தன்னுடையவராகக் கருதி அழைக்கிறது, அவரை மகிழ்விப்பதற்காக வேறு யாரை வாசலிலேயே நிறுத்திவிடத் துணிகிறது என்ற கேள்வியிலிருந்துதான் ஆய்வு தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதழின் பெயர், தாள், எழுத்துரு, பேட்டியின் தொனி, விளம்பரம் ஆகிய அனைத்தும் அந்த ஒரு முடிவிலிருந்தே பிறக்கின்றன.

இதைக் கற்றுக்கொள்வதற்குப் பிரித்தானிய இசை இதழ்களைவிட நல்ல களம் கிடைப்பது அரிது. 1926இல் தொடங்கிய மெலடி மேக்கர், 1952இல் வந்த நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் என்ற என்.எம்.இ., 1970இல் வந்த சவுண்ட்ஸ், அதன் பின்னர் ஸ்மாஷ் ஹிட்ஸ், கெராங், க்யூ, மோஜோ எனப் பல இதழ்கள் ஒரே கடை அடுக்கில் தோளோடு தோள் உரசி நின்றன. அவ்வளவு நெருக்கத்தில் போட்டியிட்டவை தமக்குள் வேறுபட்டே ஆக வேண்டியிருந்தது. அந்த வேறுபாடுகளைத்தான் நாம் படிக்கப் போகிறோம்.

எந்தப் பிரதிகளை எடுத்துக்கொள்வது

ஒரே ஒரு பிரதியை வைத்துக்கொண்டு ஆராயாதீர்கள். ஓர் இதழின் அடுத்தடுத்த மூன்று பிரதிகளையும், அதே காலத்தில் வந்த போட்டி இதழ் ஒன்றின் ஒரு பிரதியையும் அருகருகே பரப்பி வையுங்கள். மூன்றிலும் மாறாமல் நிற்பவை ஆசிரியர் குழு தெரிந்தே செய்த தேர்வுகள். மாறுபவை அந்தந்த மாதத்தின் நட்சத்திரத்தையும் செய்தியையும் சார்ந்தவை. தனிப்பிரதியைப் பார்ப்பவர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, பாடகர் அன்று தற்செயலாக அணிந்திருந்த சட்டையின் நிறத்திற்குக்கூட ஆழ்ந்த பொருள் கற்பித்துவிடுவார். போட்டி இதழ் எதற்கென்றால், ஓர் இதழ் எதைச் செய்யாமல் விட்டிருக்கிறது என்பது மற்றொன்றின் அருகில் வைக்கும்போதுதான் தெரியும்.

வாசகரை முதலில் எழுதிப் பாருங்கள்

அட்டையைப் பற்றி ஒரு வரி எழுதும் முன், அந்த இதழ் மனத்தில் வைத்திருக்கும் வாசகரை ஒரு பத்தியில் எழுதுங்கள். வயது, வருமானம் என்ற அளவில் நின்றுவிடாமல், அவர் இசையை எதற்காகப் பயன்படுத்துகிறார் என்பதையும் எழுதுங்கள். ஊடகங்களை மக்கள் பயன்படுத்துவதற்குச் செய்தி அறிதல், தன் அடையாளத்தை உறுதிசெய்துகொள்ளல், பிறரோடு உறவாடல், அன்றாடத்திலிருந்து விலகி இளைப்பாறல் என்ற நான்கு காரணங்களை மக்குவெய்ல், ப்ளம்லர், பிரவுன் ஆகிய ஆய்வாளர்கள் 1972இல் வகுத்துரைத்தனர். இசை இதழைப் பொறுத்தவரை இரண்டாவது காரணமே மற்ற மூன்றையும் ஆள்கிறது. பதினாறு வயதில் ஒருவர் எந்த இதழைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கிறார் என்பது, தான் யார் என்று அவர் ஊருக்கு அறிவிக்கும் முறை.

1986இல் தொடங்கிய க்யூ இதழை எடுத்துக்கொள்வோம். டேவிட் ஹெப்வொர்த், மார்க் எலன் ஆகிய இருவரும் அதைத் தொடங்கியபோது குறுந்தகடு வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. ஒரு காலத்தில் வார இதழ்களைத் தவறாமல் வாங்கிய இளைஞர்கள் இப்போது வேலைக்குச் சென்று, கையில் பணத்தோடு, தம்மிடம் ஏற்கெனவே இருந்த பழைய இசைத்தட்டுகளையே குறுந்தகடாக மறுபடியும் வாங்கத் தயாராக இருந்தனர். ஆனால் வார இதழ்களோ நேற்று தோன்றிய இசைக்குழுவை வானளாவப் புகழ்ந்து, முந்தைய தலைமுறையின் நாயகர்களை எள்ளி நகையாடின. அந்த மனிதருக்கு ஏற்ற இதழ் கடையில் இல்லை என்பதைக் க்யூ கண்டுகொண்டது. வழவழப்பான தாள், மாத இடைவெளி, முதல் அட்டையில் பீட்டில்ஸ் குழுவிலிருந்த பால் மெக்கார்ட்னி, புதிய வெளியீடுகளோடு மறுவெளியீடுகளையும் சேர்த்து ஐந்து நட்சத்திர அளவில் மதிப்பிடும் பெரிய விமர்சனப் பகுதி என ஒவ்வொன்றும் அந்த ஒரு மனிதருக்காகச் செய்யப்பட்டவை. நட்சத்திர மதிப்பீடு தனியே கவனிக்கத்தக்கது. விமர்சகரின் நீண்ட வாதத்தைப் படிக்க நேரமில்லாதவர், சனிக்கிழமை கடைக்குப் போகும் முன் எதை வாங்குவது என்று தெரிந்துகொள்ள அது வழிசெய்தது. அதே நட்சத்திரங்கள், விமர்சனத்தை இலக்கியமாகவே வாசித்துப் பழகிய இன்னொரு வகை வாசகருக்கு எரிச்சலூட்டின. க்யூ அவரை இழக்கத் துணிந்தது.

இதே படிப்பினையை வேறொரு கோணத்திலிருந்து நிக் லோகன் என்ற ஒரே மனிதர் தருகிறார். என்.எம்.இ.யின் ஆசிரியராக இருந்தவர் 1978இல் பதின்பருவத்தினருக்காக ஸ்மாஷ் ஹிட்ஸைத் தொடங்கி, வெற்றிப் பாடல்களின் வரிகளை முழுமையாக அச்சிட்டு, பளிச்சிடும் வண்ணப் படங்களால் நிரப்பினார். இரண்டே ஆண்டுகளில், 1980இல், இசையோடு ஆடை, இரவு விடுதி, இளைஞர் பாணி ஆகியவற்றையும் இணைத்துப் பார்த்த வேறொரு வாசகருக்காகத் தி ஃபேஸைத் தொடங்கினார். இரண்டு இதழ்களையும் அருகில் வைத்தால், அவற்றை உருவாக்கியவர் ஒருவரே என்று நம்புவது கடினம். ஆசிரியரின் சொந்த ரசனையைவிட, அவர் கற்பனைசெய்துகொண்ட வாசகரே பக்கங்களைத் தீர்மானிக்கிறார் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அட்டையைப் படிக்கும் முறை

அட்டையில் முதலில் இதழின் பெயரைப் பாருங்கள். கெராங் என்ற பெயரே மின் கிதாரில் பல சுரங்களை ஒருங்கே (கார்ட்) வலுவாக மீட்டும்போது எழும் ஓசை. 1981 ஜூனில் சவுண்ட்ஸ் இதழின் இணைப்பாக அது வெளிவந்தபோது, முதல் அட்டையில் ஹார்ட் ராக் இசைக்குழுவான ஏசி/டிசியின் கிதார் கலைஞர் ஆங்கஸ் யங் இடம்பெற்றார். அந்தப் பெயரை உரக்கச் சொல்லிப் பார்த்து மகிழ்பவரே அதன் வாசகர். பெயர் காதில் இரைச்சலாக விழுவோர் அங்கேயே விலகிக்கொள்வர். கண்ணாடி நொறுங்கியதுபோல் விரிசல் விட்ட எழுத்துகளில் அது நெடுங்காலம் அச்சிடப்பட்டது, ஓசையைக் கண்ணுக்கும் காட்டுவதற்காகவே. க்யூவின் பெயரோ சிவப்புக் கட்டத்துக்குள் வெள்ளையாக நிற்கும் ஒற்றை எழுத்து. தன்னம்பிக்கையோடு அடங்கிய குரலில் பேசும் பெயர் அது. ரோலிங் ஸ்டோன் 1967 நவம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் முதலில் வெளிவந்தபோது, அந்நகரின் சைகடெலிக் (மயக்கக் காட்சிகள் போன்ற வளைவுகளும் நிறங்களும் கொண்ட) சுவரொட்டிகளால் புகழ்பெற்ற ஓவியர் ரிக் கிரிஃபின் வரைந்த எழுத்துகளே அதன் பெயராயின. அந்தச் சுவரொட்டிகளைப் பார்த்து இசை நிகழ்ச்சிகளுக்குச் சென்ற இளைஞருக்கு, இது தன் தெருவிலிருந்து வந்த இதழ் என்று அந்த வளைவுகளே கூறிவிட்டன.

அடுத்து, பொருள்களின் இருப்பிடம். கடை அடுக்கில் இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து நிற்கும்போது பல நேரங்களில் இடப்புறத்தின் ஒரு பகுதி மட்டுமே கண்ணில் படும். அதனால்தான் முக்கியமான அட்டை வரிகளையும் கலைஞர்களின் பெயர்களையும் வடிவமைப்பாளர்கள் இடப்பக்கம் ஒதுக்குகின்றனர். உங்கள் பிரதியின் வலப்புற மூன்றில் இரண்டு பங்கை ஒரு வெள்ளைத் தாளால் மறையுங்கள். எஞ்சிய பகுதி மட்டும் வாசகரை நிறுத்துகிறதா என்று பாருங்கள். இதழ்ப்பெயரின் ஒரு பகுதியைப் பாடகரின் தலை மறைக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பெயரின் பாதி மறைந்தாலும் வாசகர் அடையாளம் கண்டுகொள்வார் என்ற நம்பிக்கை, பழக்கமும் புகழும் பெற்ற இதழுக்கே உண்டு. புதிய இதழைத் தயாரிப்பவர்கள் இதைப் பின்பற்றாதிருப்பது நல்லது.

அட்டைப்படத்தைப் பொறுத்தவரை, பாடகர் வாசகரின் கண்ணை நேராகப் பார்த்தால் நெருக்கம் பிறக்கும் என்று பாடநூல்கள் சொல்கின்றன. பெரும்பாலும் உண்மையான இந்த விதியை, எங்கே மீறினார்கள் என்று தேடிப் பாருங்கள். பீட்டில்ஸ் குழுவிலிருந்த ஜான் லெனன் கொல்லப்பட்ட 1980 டிசம்பர் 8 அன்று, அதற்குச் சில மணி நேரம் முன்னதாக ஆனி லீபோவிட்ஸ் எடுத்த படத்தில், ஆடையின்றிச் சுருண்ட லெனன் கண்களை மூடிக்கொண்டு, கறுப்பு உடையணிந்த தம் மனைவி யோகோ ஓனோவை அணைத்துக் கிடக்கிறார். ரோலிங் ஸ்டோன் 1981 ஜனவரி 22 இதழின் அட்டையில் அந்தப் படத்தை வெளியிட்டது. இதழ்ப்பெயர் தவிர எந்தத் தலைப்பு வரியும் அதில் இல்லை. துயரத்தில் இருந்த வாசகரிடம் எதையும் விற்க முயலாமல் ஒதுங்கி நின்றதே அந்த அட்டையின் ஆற்றல். 2005இல் அமெரிக்க இதழாசிரியர் சங்கம், முந்தைய நாற்பது ஆண்டுகளின் தலைசிறந்த அட்டையாக அதைத் தேர்ந்தெடுத்தது. ஆகவே, நேர்ப்பார்வை இருக்கிறதா இல்லையா என்று மட்டும் குறித்துக்கொண்டு நகராமல், அந்த வாசகர் அந்த நாளில் எந்த மனநிலையில் இருந்தார் என்பதோடு சேர்த்து எழுதுங்கள்.

அட்டை வரிகளைப் படிக்கும்போது எந்தப் பெயர்கள் விளக்கமின்றி விடப்பட்டுள்ளன என்று பாருங்கள். யாரென்று சொல்லாமல் ஒரு டிரம்மரின் பெயரை மட்டும் அச்சிடும் இதழ், அவரை அறிந்தவருக்கு உள்வட்டத்தில் இடம் தருகிறது. அறியாதவரிடம் இது உனக்கானதன்று என்கிறது.

உள்பக்கங்கள்: எழுத்தும் தாளும் இடைவெளியும்

உள்ளே செல்லும்போது ஒரு நேர்காணலின் இரண்டு எதிரெதிர்ப் பக்கங்களை எடுத்து, படம் எவ்வளவு, எழுத்து எவ்வளவு, வெற்றிடம் எவ்வளவு என்று தோராயமாக அளந்துகொள்ளுங்கள். 1993இல் தொடங்கிய மோஜோ போன்ற இதழ் ஓர் ஆல்பம் உருவான கதையைப் பல பக்கங்களுக்கு நீட்டி, பழைய புகைப்படங்களையும் பெட்டிச் செய்திகளையும் அடுக்கும். அதன் வாசகர் இசைத்தட்டின் உறையிலுள்ள சிறிய எழுத்துகளையும் விடாமல் படிப்பவர். நீளம் அவரை விரட்டாது. கெராங்கின் பக்கங்களில் மேடைப் படங்கள் ஓரம் வரை விரியும். கிழித்துச் சுவரில் ஒட்டுவதற்கான போஸ்டர்கள் உண்டு. படுக்கையறைச் சுவர் வரை இதழின் ஆயுளை நீட்டும் அந்தப் போஸ்டர் வெறும் இலவசமாக எண்ணத்தக்கதன்று.

எழுத்துரு எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதற்குத் தி ஃபேஸும் ரே கன்னும் இரண்டு எல்லைக்கற்கள். தி ஃபேஸின் கலை இயக்குநராக 1981 முதல் 1986 வரை பணியாற்றிய நெவில் பிராடி, தலைப்புகளுக்கான எழுத்துகளைத் தாமே வரைந்தார். வேறெங்கும் காணாத எழுத்தைப் பார்க்கும் வாசகர், தானும் மற்றவருக்கு முந்தியவர் என்று உணர்ந்தார். கலிபோர்னியாவில் 1992இல் தொடங்கிய ரே கன் இதழில் டேவிட் கார்சன் இன்னும் துணிந்தார். வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின, பத்திகள் சாய்ந்தன. 1994இல் பாடகர் பிரையன் ஃபெரியின் நேர்காணல் சலிப்பூட்டுவதாகக் கருதிய அவர், அதை முழுவதும் நட்சத்திரங்களும் அம்புக்குறிகளும் கொண்ட டிங்பேட்ஸ் என்ற குறியீட்டு எழுத்துருவில் அமைத்தார். ஒரு சொல்லையும் படிக்க முடியாது. மாணவர்கள் இதைக் கண்டு வியந்து தம் பயிற்சி இதழிலும் செய்ய விழைகின்றனர். அவர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: இரைச்சலும் சிதைவும் நிறைந்த மாற்று ராக் இசையைக் கேட்டுப் பழகிய, பக்கத்தையும் அதேபோல் எதிர்கொள்ளத் தயாரான வாசகர் ரே கன்னிடம் இருந்தார். அந்த வாசகர் உங்களிடம் இல்லையென்றால், அந்த வடிவமைப்பு வெறும் தடையாகவே நிற்கும்.

தாளையும் அளவையும் மறக்காதீர்கள். செய்தித்தாளுக்கான மலிவுத் தாளான நியூஸ்பிரிண்டில் அச்சான வார இதழ் கையில் மையைப் பூசி, இது அவசரச் செய்தி, அடுத்த வாரம் பழையதாகிவிடும் என்று உணர்த்தும். தடித்த முதுகும் வழவழப்பும் கொண்ட மாத இதழ் அலமாரியில் சேர்த்துவைக்கத் தூண்டும். நெடுங்காலம் பெரிய அளவில் வந்த ரோலிங் ஸ்டோன் 2008 அக்டோபரில் வழக்கமான இதழ் அளவுக்குச் சுருங்கியபோது, அதைத் தம் அடையாளத்தின் இழப்பாகவே எண்ணிய பழைய வாசகர்கள் உண்டு.

மொழி யாரோடு பேசுகிறது

உள்ளடக்கத்தை ஆராயும்போது தலைப்புகளைப் பட்டியலிடுவதோடு நிற்காமல், ஒரு பேட்டியின் கேள்விகளை மட்டும் தனியே எடுத்து எழுதுங்கள். ஸ்மாஷ் ஹிட்ஸ் பாடகர்களிடம் அசட்டுத்தனமான, எதிர்பாராத கேள்விகளைக் கேட்டது. அவர்களுக்குப் பட்டப்பெயர் சூட்டியது. அங்கே உதவி ஆசிரியராக இருந்த நீல் டெனன்ட்தான் பின்னர் பெட் ஷாப் பாய்ஸ் குழுவின் பாடகரானார். நட்சத்திரத்தைப் பூசிக்கவும் கூடவே அவரைப் பார்த்துச் சிரிக்கவும் அந்த இதழ் இளைய வாசகருக்கு உரிமை கொடுத்தது. எழுபதுகளின் என்.எம்.இ. வேறு திசையில் சென்றது. கரடுமுரடான, எதிர்ப்புணர்வு மிக்க பங்க் இசை எழுந்த 1976இல் துணிச்சலான இளம் எழுத்தாளர்கள் தேவை என்று விளம்பரம் செய்து, ஜூலி பர்ச்சில், டோனி பார்சன்ஸ் ஆகியோரைச் சேர்த்துக்கொண்டது. வாசகரின் வயதில் உள்ளவரே வாசகரின் கோபத்தோடு எழுதும்போது, இதழுக்கும் வாசகருக்கும் இடையிலான தொலைவு மறைந்துவிடுகிறது. சொற்களின் நீளம், கிளைமொழி, வாசகரை விளிக்கும் முறை, விமர்சகர் தன்னை எவ்வளவு முன்னிறுத்துகிறார் என்பன குறித்துக்கொள்ள வேண்டியவை.

வாசகருக்கு இதழில் இடம் உண்டா

மாணவர்கள் பெரும்பாலும் தவறவிடும் பகுதி இது. என் பார்வையில் ஈர்ப்பின் வேர் இங்கேதான் இருக்கிறது. கடிதப் பகுதி, வாசகர் வாக்கெடுப்பு, சிறு விளம்பரம், கூப்பன் ஆகிய இடங்களில் வாசகர் இதழுக்குள் நுழைகிறார். என்.எம்.இ. 1952 நவம்பர் 14 அன்று பிரித்தானியாவின் முதல் சிங்கிள்ஸ் (ஒற்றைப் பாடல் இசைத்தட்டு) விற்பனைப் பட்டியலை வெளியிட்டது. கடைகளுக்குத் தொலைபேசியில் பேசி விவரம் திரட்டினார்கள். தான் வாங்கிய தட்டு மேலே ஏறுகிறதா என்று வாரந்தோறும் பார்க்கும் பழக்கம் அன்று தொடங்கியது. அந்நாளில் அதன் வாக்கெடுப்பில் வென்றவர்களுக்கான நிகழ்ச்சி லண்டனின் வெம்பிளியில் நடந்தது. பீட்டில்ஸ் குழு பிரித்தானியாவில் அறிவித்து நடத்திய கடைசி மேடை நிகழ்ச்சி, 1966 மே 1 அன்று நடந்த அந்த விழாவில்தான். பின்னர் தி ஸ்மித்ஸ் குழுவின் பாடகரான மாரிசி, பதின்வயதில் என்.எம்.இ.க்குக் கடிதம் எழுதிய வாசகராக இருந்தார். பின்னாளில் அதன் அட்டையில் இடம்பெற்றார். மெலடி மேக்கரில் கிதார் கலைஞர் ஸ்டீவ் ஹேக்கட் வெளியிட்ட விளம்பரத்தைக் கண்டே ஜெனிசிஸ் குழுவின் பீட்டர் கேப்ரியல் அவரை அழைத்தார். 1986இல் என்.எம்.இ. அஞ்சல்வழி விற்ற சி86 என்ற கேசட், அதிலிருந்த 22 பாடல்களோடு ஒரு முழு இசைப்பாணிக்கே பெயரானது. உங்கள் பிரதியில் வாசகரின் பெயரோ எழுத்தோ எத்தனை இடங்களில் அச்சாகியிருக்கிறது என்று எண்ணுங்கள். ஒன்றுமே இல்லையெனில், அந்த இதழ் வாசகரை வாங்குபவராக மட்டுமே பார்க்கிறது என்று எழுதலாம்.

விளம்பரமும் விலையும்

விளம்பரங்களைப் புரட்டித் தள்ளிவிடாதீர்கள். கிதார், ஆம்ப்ளிஃபையர் விளம்பரங்கள் நிறைந்திருந்தால் வாசகர் இசைக்கருவி மீட்டவும் செய்பவர்; விலையுயர்ந்த ஒலிக்கருவிகளும் பெட்டித்தொகுப்புகளும் இருந்தால் பணம் உள்ள சேகரிப்பாளர். விளம்பரதாரர் தம் பணத்தைச் செலவிட்டு அந்த வாசகரை ஏற்கெனவே கணித்திருக்கிறார் என்பதால், உங்கள் முதல் பத்தியை இங்கே சரிபார்க்கலாம்.

என்.எம்.இ. 2015 செப்டம்பரில் இலவச இதழாக மாறி, ரயில் நிலையங்களிலும் கல்லூரிகளிலும் கடைகளிலும் வழங்கப்பட்டது. மாற்றத்துக்குப் பின் வந்த முதல் அட்டையில் ரிஹானா இருந்தார். பிரதிகளின் எண்ணிக்கை மூன்று லட்சத்தைத் தாண்டியது. ஆயினும் 2018 மார்ச்சில் அந்த வார அச்சு இதழ் நின்றது. அச்சுச் செலவும் விளம்பரச் சந்தையின் சரிவும் காரணமாகக் கூறப்பட்டன. அதோடு நான் சேர்த்துச் சொல்வது: வழியில் போகும் எவருக்கும் நீட்டப்படும் இதழ் எவரையும் விலக்க முடியாது, எனவே எவரையும் தன்னவர் என்று அழைப்பதும் கடினம்.

கண்டறிந்ததை எழுதும்போது

ஒவ்வொரு கூற்றையும் மூன்று பகுதிகளாக எழுதுங்கள்: பக்கத்தில் கண்ணால் காணும் ஒரு குறிப்பிட்ட அம்சம், அது எந்த வாசகரின் எந்தத் தேவையைத் தொடுகிறது என்பது, அதே இடத்தில் போட்டி இதழ் என்ன செய்திருக்கிறது என்பது. மூன்றாவது பகுதி இல்லாத கூற்றை அடித்துவிடுங்கள். அது பெரும்பாலும் எல்லா இதழுக்கும் பொருந்தும் பொதுக்கூற்றாகவே இருக்கும்.

சொந்தமாக இதழ் தயாரிப்பவர்கள் இதே வரிசையை வைத்தே லே-அவுட் வேலையைத் தொடங்கலாம். அட்டை மாதிரி அச்சானதும் அதை நண்பர்களிடம் காட்டி நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். அவர்கள் நன்றாக இருக்கிறது என்றே சொல்வார்கள். நீங்கள் கருதிய வாசகர் சிலரிடமும், அவரல்லாத சிலரிடமும் தனித்தனியே கொடுத்து, இது யாருக்கான இதழ் என்று மட்டும் கேளுங்கள். முதல் கூட்டத்தார் தம்மைக் காட்டி, இரண்டாம் கூட்டத்தார் வேறு யாரையோ காட்டினால் அட்டை அச்சுக்குப் போகலாம். இரண்டு கூட்டத்தாரும் எல்லாருக்கும் உரியது என்று சொன்னால், இதழ்ப்பெயரின் எழுத்திலிருந்து மறுபடியும் தொடங்குங்கள்.